கையெழுத்து எங்கே நிற்கிறது? வட ஆற்காட்டில் ஐந்து நாள்

முதல் நாள், திங்கள்: சத்துவாச்சாரி

திங்கட்கிழமை காலை வேலூரிலிருந்து சத்துவாச்சாரி போகும் டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் கையில் பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே மனு, ஆதார் ஜெராக்ஸ், பழைய மனுவின் ரசீது. கலெக்டர் ஆபீஸ் பலகையில் ‘மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்’ என்றிருக்கும். ஊர்ப் பேச்சில் அது ‘மனு நாள்’. வாசலில் போலீஸார் பையைத் திறந்து பார்ப்பது மண்ணெண்ணெய் பாட்டிலுக்காக. தமிழ்நாட்டில் எந்தக் கலெக்டர் ஆபீஸுக்குப் போனாலும் இதே சோதனைதான். மனு கொடுக்க வருகிறவர்கள் எந்த நிலைக்குப் போய்விட்டார்கள் என்பதற்கு வேறு புள்ளிவிவரம் தேட வேண்டியதில்லை.

இந்த ஐந்து நாளும் பார்க்கப்போவது ஒன்றைத்தான். உரிமை சட்டத்தில் இருக்கிறது, தீர்ப்பிலும் இருக்கிறது. அது ஆள் கைக்கு வர ஒரு அதிகாரி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எந்த அதிகாரி, எந்தத் தாள், எங்கே தங்கிப்போகிறது?

மனுவிலிருந்தே தொடங்கலாம். உள்ளே போனதும் மனுவைக் கணினியில் ஏற்றி எண் போட்ட ஒப்புகைச் சீட்டு தருவார்கள். மனுவைவிட முக்கியம் அந்தச் சீட்டு. மனு எழுதும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, வாழ்க்கைக் கதை முழுவதையும் எழுதி, கேட்பதைக் கடைசி வரியில் வைப்பது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். முதல் பத்தியிலேயே அது வர வேண்டும். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் கணினியில் ஒரே துறைக்குத்தான் போகும். மற்ற இரண்டும் அங்கேயே செத்துவிடும். சர்வே எண், கிராமம், தாலுகா, முன்பு கொடுத்த மனுவின் எண், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். எந்த அதிகாரிக்கு இதைச் செய்யும் அதிகாரம் உண்டு என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்று முடித்தால் ‘தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்ற பதிலோடு மனு முடிந்துவிடும்.

அப்படி முடித்தால் அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்கக் கூடாது. ‘ஏன்’ என்பது தகவல் இல்லை என்று எளிதாகத் தள்ளிவிடுவார்கள். ‘இந்த எண் மனுமீது இன்ன தேதி முதல் எழுதப்பட்ட குறிப்புகள், அனுப்பிய கடிதங்களின் நகல் தேவை’ என்று கேளுங்கள். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது அதில் தெரிந்துவிடும். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பதில் வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தபால் முத்திரைத் தேதியிலிருந்துதான் அந்த 90 நாளை வாதாட வேண்டியிருக்கும்.

மாலையில் கோட்டை. சிப்பாய்க் கிளர்ச்சி நடந்த 1806 ஜூலை 10 எல்லாருக்கும் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. புதுத் தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்து, இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். குறைதீர்க்கும் நாள் அன்று அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் நாள், செவ்வாய்: தொரப்பாடி, காட்பாடி

தொரப்பாடியில் மத்திய சிறை. பெண்கள் தனிச் சிறையும் இங்கேதான். சுவருக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு விஷயம் தெரியும். ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். காரணம் ஜாமீன்தாரர். இரண்டு பேர் வேண்டும், சொத்து வரி ரசீதோ ஊதியச் சான்றோ வேண்டும். கூலிக்காரக் குடும்பத்துக்கு எவன் அதைக் கொடுப்பான்?

இதற்கு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, ஜாமீன் உத்தரவின் மின்நகல் அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். குடும்பம் செய்ய வேண்டியது ஒன்றுதான். எட்டாம் நாள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய், ஜாமீன் உத்தரவின் எண்ணைச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். போன் என்றால் 15100. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் பெற வருமானச் சான்று தேவையில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் தேவையில்லை. கேட்டால் கொடுக்காதீர்கள், 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

விசாரணைக் கைதிகளுக்கு இன்னொரு கதவு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 479ஆம் பிரிவு. குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீன். முதல் முறை மாட்டியவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் கிடைக்காது, பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். 2024 ஜூலை 1க்கு முந்தைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் கைதி இல்லை, சிறைக் கண்காணிப்பாளர். அவர் கையெழுத்துதான் தொடக்கம்.

கையெழுத்து என்றதும் இந்தச் சுவருக்குள் வருடங்களைக் கழித்த பேரறிவாளன் வழக்கு நினைவுக்கு வராமல் போகாது. 2018 செப்டம்பரில் மாநில அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. அரசியல் சாசனம் 161ஆம் பிரிவின்படி ஆளுநர் கையெழுத்திட வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் கோப்பு அசையவில்லை. பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆம் பிரிவைக் கொண்டு தானே விடுவித்தது. அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அமைச்சரவை முடிவுக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்ற பகுதி இனி எல்லாக் கைதிக்கும் பொருந்தும்.

காட்பாடிக்குப் போனது வேறு காரணத்துக்காக. 2019 மக்களவைத் தேர்தலில் பணப் பட்டுவாடாவுக்காக ஒரு தொகுதியின் தேர்தலே ரத்தானது, நாட்டிலேயே முதல் முறை, வேலூரில்தான். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஏப்ரல் 16 அன்று ரத்து. ஆகஸ்ட் 5 அன்று நடத்தி, 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. சட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது, ரத்து செய்த முறை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் என்ன செய்வது என்று பிரிவு இருக்கிறது. பணம் பாய்ந்தால் தேர்தலை நிறுத்துவதற்கென்று தனிப் பிரிவு இல்லை. அதனால் ‘அறிவிக்கை போடும் அதிகாரம் உள்ளவருக்கு அதை விலக்கும் அதிகாரமும் உண்டு’ என்கிற 1897ஆம் வருடப் பொது விதிகள் சட்டத்தின் 21ஆம் பிரிவைத் தூசி தட்டி எடுத்தார்கள். அங்கேயும் தேர்தல் ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடிந்தது. கையெழுத்து குடியரசுத் தலைவருடையது.

மூன்றாம் நாள், புதன்: அணைக்கட்டு, அல்லேரி

அணைக்கட்டுப் பக்கம் போகிறவர்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த காய். காம்பில் முள் குத்தும், குழம்பில் கரையும்.

வரதலம்பட்டோடு சமவெளி முடிகிறது. மேலே அல்லேரி, அதைச் சுற்றிய குக்கிராமங்கள். ஜவ்வாது மலைத் தொடரின் வேலூர்ப் பக்கம் இது. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று ஒடுகத்தூர்ப் பக்கம் இன்னும் மூன்று மலை ஊராட்சிகள். 2023 மே மாதக் கடைசியில் இங்கே பாம்பு கடித்த ஒரு குழந்தை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த ஆம்புலன்ஸ் பாதை இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. தாய் உடலைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் மலையேறினார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது.

‘ரோடு போட வேண்டியதுதானே’ என்று எல்லாரும் கேட்டார்கள். ஏன் எளிதில்லை என்பதை அளவோடு சொன்னால்தான் புரியும்.

இது காப்புக்காடு. காட்டு நிலத்தை வேறு உபயோகத்துக்கு எடுக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பது 1980 வனப் பாதுகாப்புச் சட்டம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. பள்ளி, ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வசதிகளுக்கு மாவட்ட வன அலுவலரே அனுமதிக்கலாம். நிபந்தனை மூன்று: நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1 ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். ஒரு வழித் தார்ச்சாலை 3.75 மீட்டர் அகலம். 10,000ஐ 3.75ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,660 மீட்டர். மலைச் சாலையில் பக்கக் கால்வாயும் தடுப்புச் சுவரும் இல்லாமல் முதல் மழையே தாரை வழித்துக்கொண்டு போய்விடும். அவற்றையும் சேர்த்து 6 மீட்டர் என்று வைத்தால் 1,660 மீட்டரோடு ஹெக்டேர் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஊர் இருந்தால் குறுக்கு வழி அடைபடும், கோப்பு மத்திய அரசு வரை போகும், ஈடாக நிலம் காட்ட வேண்டும், மரம் நட பணம் கட்ட வேண்டும். பெரும்பாலான மலைச் சாலைக் கோப்புகள் தூங்குவது இந்த இடத்தில். பழைய வண்டிப்பாதை வனத்துறையின் பதிவிலேயே இருந்தால் கதை மாறும். 1980க்கு முன்பே பாதை இருந்தது என்று காட்டக்கூடிய சர்வே வரைபடமோ, வனத்துறைப் பணித்திட்டமோ கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். தகவல் உரிமை மனுவுக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

3(2) வழியில் போனால் படி இது. ஊராட்சியோ பணி செய்யும் துறையோ படிவம் நிரப்பி, கிராம சபைத் தீர்மானத்தை இணைத்து வனச்சரகரிடம் கொடுக்க வேண்டும். அவர் மூன்று வாரத்துக்குள் இடத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். மாவட்ட வன அலுவலர் நான்கு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிராகரிக்க முடியாது, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு அனுப்பத்தான் முடியும். பலருக்கு இது தெரிவதில்லை. ‘ஃபாரஸ்ட்காரங்க மாட்டேன்னுட்டாங்க’ என்று இறங்கி வந்துவிடுகிறார்கள்.

எங்கே கெடுகிறது? கிராம சபையில். இந்தத் தீர்மானத்துக்குப் பாதி உறுப்பினர்களாவது வந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் வழக்கமான கிராம சபைக்குக் குறைவெண் வேறு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஊராட்சிச் செயலர் பழக்கத்தில் அதே நோட்டில் 100 கையெழுத்து வாங்கித் தீர்மானம் எழுதிவிடுகிறார். மேலே போனதும் ‘பாதிப் பேர் இல்லை’ என்று திரும்பி வருகிறது. மலையில் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன, ஊராட்சி முழுவதுக்கும் பாதிப் பேரைக் கூட்டுவது ஆகாத காரியம். அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணை சொல்லும் பழங்குடிப் பகுதி தமிழ்நாட்டில் ஒரு அங்குலம்கூட இல்லாததால், குக்கிராம அளவில் சபை கூட்டும் பெசா சட்டமும் இங்கே கிடையாது. வன உரிமைச் சட்டத்தில் ‘கிராமம்’ என்பதற்கு உள்ள விளக்கத்தை வைத்து, பாரம்பரியக் குடியிருப்புக்குத் தனியாகச் சபை கூட்டக் கலெக்டரிடம் கேட்பதுதான் சரியான வழி. கொஞ்சம் போராட வேண்டும்.

தனிநபர் நில உரிமைக்கும் இதே சட்டம்தான். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து உழுதுவரும் நிலத்தில் அதிகபட்சம் 4 ஹெக்டேர். வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆதாரம் இரண்டு போதும். அபராத ரசீது, ரேஷன் கார்டு, நட்ட புளியமரம், மூதாதையர் சமாதி, கிணறு, எழுதி வாங்கிய பெரியவர் வாக்குமூலம் எதுவும் ஆதாரம்தான். காட்டில் உழுததற்காக வனத்துறை அபராதம் போட்ட ரசீதே நல்ல சாட்சி என்பது வேடிக்கை. அதைக் கிழித்துப் போட்டவர்கள் நிறைய. கோட்டக் குழு நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். தமிழ்நாட்டில் 2008ல் உயர் நீதிமன்றம் போட்ட தடையால் பட்டயம் வழங்குவது பல வருடம் நின்றிருந்தது. 2016ல் அது விலகியது. ஆந்திரா, ஒடிசாவைவிட நாம் பின்னால் நிற்பதற்கு அது ஒரு காரணம், ஒரே காரணமில்லை.

இந்த மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர், கேரளத்து மலையாளி வேறு. மலையாளி என்று சாதிச் சான்று வாங்குவதில் ஒரு விசித்திரம் உண்டு. பழங்குடிப் பட்டியல் ஆணையில் ‘தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் உள்ள மலையாளி’ என்றுதான் இருக்கிறது. வட ஆற்காடு மாவட்டம் 1989ல் பிரிந்து போனது. 2019ல் மிச்சமும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. வரைபடத்தில் இல்லாத அந்தப் பெயர்தான் இந்த மலைப் பிள்ளைகளின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது. பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லாததால் ஈரோடு பர்கூர் மலையின் மலையாளிகளுக்கு இன்றும் அந்தச் சான்று கிடையாது. ஒரே பெயர், ஒரே பேச்சு, பட்டியலில் ஊர்ப் பெயர் விட்டுப்போனது மட்டும்தான் வேறு. பழங்குடிச் சான்றில் தாசில்தார் கையெழுத்துச் செல்லாது, கோட்டாட்சியர் போட வேண்டும். இங்கிருந்து அது வேலூர்.

நான்காம் நாள், வியாழன்: ஆற்காடு, நெமிலி

ஆற்காட்டில் மக்கன் பேடா சாப்பிட்டுவிட்டு நெமிலி பஸ். இரு பக்கமும் நெல், செங்கல் சூளை, வேலிகாத்தான் காடு. ஆற்காடு, ஆரணி அரிசி என்று சென்னை வரை பெயர். அரிசி ஆலை, சூளை, மரம் வெட்டிக் கரி போடும் இடம் மூன்றிலும் முன்பணம் கொடுத்து இருளர் குடும்பங்களை வைத்திருப்பது பழைய வழக்கம். 2019 ஜூலையில் நெமிலியை ஒட்டிய ஊரிலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். ஒரு பெரியவர் அதிகாரியின் காலில் விழும் படம் அன்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லிருந்து இருக்கிறது. அதில் கேட்பது சங்கிலியோ பூட்டோ இல்லை. முன்பணத்துக்கு ஈடாக நான்கில் ஒன்றை இழந்திருந்தால் போதும்: சந்தைக் கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, வெளியே போய்வரும் உரிமை, தன் பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. கடனே இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு 15ஆம் பிரிவின்படி முதலாளியுடையது. கட்டாய வேலை என்று தெரிந்தால் முன்பணம் இருந்ததாகவே ஊகிக்க வேண்டும் என்று 1984லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலையே அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய வேலைதான் என்றது 1982 தீர்ப்பு.

தகவல் வந்தால் கோட்டாட்சியரோ அவர் அனுப்பும் வருவாய்க் குழுவோ நேரில் போக வேண்டும். முதலாளிக்கு முன்கூட்டிப் போன் போய்விட்டால் களம் காலியாகிவிடும். அல்லது குடும்பத்தைக் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். போனதும் செய்ய வேண்டியது, ஆட்களை முதலாளி கண்ணில் படாத இடத்துக்குக் கூட்டிப்போய் ஒவ்வொருவராக விசாரிப்பது. ‘நீங்க கொத்தடிமையா?’ என்று கேட்டால் ‘இல்ல சாமி’ என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு:

“கடைசியா சந்தைக்கு எப்பப் போனீங்க ஆயா? எல்லாரும் சேர்ந்து போனீங்களா, புள்ளைய நிறுத்தி வெச்சிட்டுப் போனீங்களா?”

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வெளியே வந்துவிடும். குடும்பத்தில் ஒருவரைப் பிணையாக நிறுத்திவைத்துத்தான் மற்றவர்களை வெளியே விடுவார்கள். ராத்திரி எத்தனை மணிக்கு நெல் அவிக்க எழுப்புகிறார்கள், மழை வந்தால் களத்து நெல்லை அள்ள யார் ஓடுவது, சாவுக்குப் போக விட்டார்களா, வாரப் படி எவ்வளவு, கணக்கு நோட்டு யாரிடம் என்று அடுத்தடுத்துக் கேட்கலாம். அந்த நோட்டு கிடைத்தால் முதல் வேலையாகப் பறிமுதல். முன்பணம் ஒரு பக்கமும் வாரப் படி ஒரு பக்கமும் எழுதி, மிச்சம் மட்டும் குறையவே குறையாமல் நிற்கும். வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

விசாரணை முடிந்ததும் விடுதலைச் சான்று. ஒரே ஒரு தாள்தான். மேலே எண், தேதி, பெயர், தகப்பன் பெயர், வயது, சொந்த ஊர், எங்கே யாரிடம் இருந்தார் என்ற விவரம், புகைப்படம், புகைப்படத்தின் ஓரத்தில் பாதி விழுகிற மாதிரி கோட்டாட்சியர் முத்திரை. இதில் ஐந்து தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. குடும்பத் தலைவர் பெயரில் ஒரு சான்று கொடுத்து, மனைவியையும் பிள்ளைகளையும் ‘உடன் இருந்தோர்’ என்று எழுதிவிடுவது முதல் தவறு. வேலை செய்த ஒவ்வொருவருக்கும், பிள்ளைகளுக்கும்கூட, தனிச் சான்று வேண்டும். உதவித்தொகை ஆளுக்குத்தான், குடும்பத்துக்கில்லை. பெயரை ஆதாரில் உள்ளதுபோல எழுதாதது இரண்டாவது. வங்கியில் பணம் திரும்பிவிடும். சட்டப் பிரிவைக் குறிப்பிடாமல் ‘மீட்கப்பட்டோர்’ என்று மட்டும் எழுதுவது மூன்றாவது. ‘கூலித் தகராறு’ என்று முடித்து முதலாளியிடம் ஒரு தொகை வாங்கிக்கொடுத்து அனுப்புவது நான்காவது, மிகக் கொடியதும் அதுதான். ஐந்தாவது, அன்றே கொடுக்காமல் ‘ஊருக்குப் போங்க, அனுப்பறோம்’ என்பது. வேறு மாவட்டத்துக்காரர் என்றால் அந்தத் தாள் இரண்டு கலெக்டர் ஆபீஸுக்கு நடுவில் எங்கோ காணாமல் போகும்.

அந்தத் தாள் கையில் இருந்தால் என்ன நடக்கும்? 6ஆம் பிரிவின்படி கடன் அன்றே ஒழிந்தது. அதைத் திருப்பி வாங்குவதே 9ஆம் பிரிவின்படி குற்றம், 3 வருடம் வரை சிறை. குடியிருக்கும் குடிசையை விட்டு விரட்ட முடியாது. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை மாவட்ட மறுவாழ்வு நிதியிலிருந்து. 2022 ஜனவரி வரை அது 20,000 ஆக இருந்தது. இந்த நிதிக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் நிரந்தர இருப்பு வேண்டும். அதற்கு மேல் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல் அல்லது பாலியல் கொடுமை சேர்ந்திருந்தாலோ மாற்றுத்திறனாளி, திருநங்கை என்றாலோ 3 லட்சம். 2 லட்சத்தில் 1.25 லட்சம் ஆண்டுத் தொகைத் திட்டத்தில் போடப்படும், 75,000 கணக்கில் வரும். ஆனால் 30,000க்கு மேல் உள்ள தொகை தண்டனைத் தீர்ப்போடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கில் முதலாளி விடுதலையானால் பணமும் முடிந்தது. நம் கணிப்பில் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுவே. போலீஸ் சரியாக விசாரிக்காததற்கு மீட்கப்பட்டவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அதனால் முதல் தகவல் அறிக்கையிலேயே கவனம் வேண்டும். 1976 சட்டத்தின் 16, 17, 18 பிரிவுகள் மட்டும் போட்டால் அதிகபட்சம் 3 வருடம், 2,000 ரூபாய் அபராதம். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் ஆள் கடத்தலுக்கான 143ஆம் பிரிவையும், இருளர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிந்தையதைச் சேர்த்தால் டி.எஸ்.பி. விசாரிப்பார், தனித் தீருதவியும் (அரசு தரும் நிவாரணம்) வரும். ஆனால் அதற்குச் சாதிச் சான்று வேண்டும். இருளருக்குப் பல தலைமுறையாக அது கிடையாது. அதற்கும் அதே கோட்டாட்சியர்தான். மீட்ட அன்றே விடுதலைச் சான்றோடு சாதிச் சான்றையும் கையெழுத்திட அவரைத் தடுப்பது எதுவுமில்லை, வழக்கமில்லை என்பதைத் தவிர.

ஐந்தாம் நாள், வெள்ளி: ஆம்பூர், வாணியம்பாடி

ஆம்பூரில் பிரியாணிக்கும் தோலுக்கும் ஒரே தெருவில் மணம் வரும். பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணலும் இல்லை.

1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பை உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்’. மாசுபடுத்தியவரே செலவு ஏற்க வேண்டும், கேடு உறுதியாகத் தெரியும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்று 1992 ரியோ மாநாட்டில் எழுதிய இரண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனது என்ற எண்கள் அதில்தான் வருகின்றன.

தீர்ப்புக்குப் பிறகு சூழல் இழப்பு ஆணையம் அமைந்தது. 2001ல் அது 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவு செய்தது, 547 தொழிற்சாலைகள் கட்ட வேண்டும். அது 1998 வரையிலான இழப்புக்கு மட்டும். நிலம் அதற்குப் பிறகு தெளிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது: சூழல் மீளும்வரை இழப்பீடு தொடர வேண்டும், அரசு முதலில் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும்.

ஏன் தெளியவில்லை என்பது உப்பில் இருக்கிறது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பில் கட்டி வரும். முதல் தொட்டியில் ஊறவைக்கும்போது அவ்வளவு உப்பும் தண்ணீரில் இறங்கும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்த் தொட்டி அழுக்கைத் தின்னும், குரோமியத்தைத் தனியே படியவைத்து எடுக்கலாம், உப்பை எதுவும் தின்னாது. சவ்வு வழியே வடித்து, மீதியைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். செலவு மின்சாரத்தில். கடைசியில் கிடைப்பது பல உப்புகள் கலந்த ஒரு கசடு, வாங்க ஆளில்லை. ஷெட்டில் குவிகிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலை கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள்.

இழப்பீடு கேட்கிறவர்கள் எடுத்து வைக்க வேண்டியவை: 1991க்குப் பிறகான அடங்கல் (பயிர்க் கணக்குப் பதிவேடு) நகல்கள், பட்டா, வாரிசுச் சான்று, கிணற்று நீரின் உப்பளவுச் சோதனை. 2001 பட்டியலில் தாத்தா பெயர் இருக்கும், பட்டாவிலும் தாத்தாவே இருப்பார். இடையில் பாகம் பிரித்தது வாய்மொழியில். அங்கேதான் மாட்டுகிறது.

மாலையில் வாணியம்பாடி அருகே நாராயணபுரம் பாலம். 2019 ஆகஸ்டில் இங்கே தலித் குடும்பம் ஒன்று பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டி ஆற்றுக்குள் இறக்கியது. மயானத்துக்குப் போகும் பாதை வேலிக்குள் போயிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது.

இப்படிப்பட்ட பாதைக்குச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். முதலில் புலப்பட (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகலும் ‘அ’ பதிவேட்டு (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவேடு) நகலும் வாங்குங்கள். பாதை புறம்போக்கு என்றிருந்தால் 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவு வெளியேற்றம், தாசில்தார் செய்ய வேண்டியது. பட்டா நிலம் என்றால் 1978ஆம் வருட 31ஆம் எண் சட்டத்தின்படி ஆதிதிராவிடர் நலத்துக்காகக் கலெக்டர் கையகப்படுத்தலாம், மயானப் பாதைக்கும் அது செல்லும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மயானத்துக்கும் பாதைக்கும் போகவிடாமல் மறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(இசட்ஏ) பிரிவின்படி 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. முதல் தகவல் அறிக்கைக்கு முன் முதனிலை விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது, 60 நாளில் குற்றப்பத்திரிகை. தீருதவி விதிகளில், பாதையை அரசே தன் செலவில் மீட்டுத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. மனுவில் பணத்தைவிட முன்னால் அதை எழுதுங்கள்.

புலப்படத்தைக் கையில் வாங்கியதும் மயான எண்ணிலிருந்து சேரி வரை விரலால் தடவிப் பாருங்கள். வண்டிப்பாதை இருந்தால் விட்டுவிட்டுப் போகும் கோடாகத் தெரியும். கோடு நடுவில் ஒரு பட்டா எண்ணுக்குள் நுழைந்து காணாமல் போனால், பழைய செட்டில்மென்ட் வரைபட நகலுக்கு அன்றே விண்ணப்பம் போடுங்கள். திங்கட்கிழமை மனுவில் இரண்டையும் இணைக்க வேண்டும்.